ஹெக்கடதேவனகோட்டே: மூழ்கிய தலைநகரும் பெயர்ந்த ஹாடிகளும்

மைசூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், வயநாட்டு எல்லையை ஒட்டி அமைந்த நாட்டுப்புற வட்டம் ஹெக்கடதேவனகோட்டே. மைசூரு மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அரண்மனையிலும் தசராவிலும் தங்கிவிடுகின்றனர். இவ்வட்டம் அவ்வரலாற்றில் யானைகளை அனுப்பிவைத்த காடாக மட்டுமே தலைகாட்டுகிறது. உண்மையில் இந்நிலத்துக்குக் கிடைக்கும் சான்றுகள் மைசூரு நகரத்தினும் பழையவை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, பெரில் என்னும் மணிக்கல் கிடைக்கும் இடமாகப் 'பௌன்னாட்டா'வைக் குறிக்கிறார். அதனைப் புன்னாடு என இனங்காண்பது ஆய்வாளரிடையே பரவலான வழக்கு. புன்னாட்டின் தலைநகர் கீர்த்திபுரம், அதாவது கபினிக் கரையில் இருந்த கித்தூர். மேலைக் கங்க மன்னன் அவினீதன் புன்னாட்டு இளவரசியை மணந்தான். அவர்கள் மகன் துர்வினீதன் காலத்தில் புன்னாடு கங்கர் வசமாயிற்று.

அந்தக் கித்தூர் இன்று நீருக்கடியில் இருக்கிறது. வயநாட்டு ஓடைகளிலிருந்து உருவாகித் திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கும் கபினியின் குறுக்கே, பீச்சனஹள்ளியில் 1974-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 19.52 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 2,284 அடி. வயநாட்டில் பருவமழை வலுத்தால் விரைந்து நிரம்புவதால், மேட்டூரை நோக்கியிருக்கும் தமிழக உழவர்க்கு இவ்வணையின் பெயர் நன்கு பழக்கமானது. அதன் அடியில் ஒரு தலைநகர் கிடப்பது அவ்வளவாகத் தெரியாது.

அணையோடு மறைந்த மற்றோர் இடம் காக்கனகோட்டே. மைசூரு அரசின் புகழ்பெற்ற 'கெட்டா' இங்கே நடந்தது: காட்டு யானைக் கூட்டத்தை ஆற்றுக்குள் விரட்டி, மறுகரை மரவேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறை. மைசூரு நாட்டில் இம்முறையை 1870களில் வெற்றியாக நடத்திக் காட்டியவர் ஜி. பி. சாண்டர்சன், காக்கனகோட்டேயின் கடைசிக் கெட்டா 1971-இல் நிகழ்ந்தது. கெட்டாவைப் பற்றிய பழைய குறிப்புகளில் விருந்தினராக வந்த வைசிராய்கள் பெயரோடு இடம்பெறுகின்றனர். யானையின் தடம் பார்த்தவரும், பிடித்த யானையைப் பழக்கியவருமான ஜேனு குருபர்கள் அங்கே 'ஆட்கள்' மட்டுமே. பழமையான ஆவணம் என்பதனால் இச்சார்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜேனு என்பது தேன். தமிழ்ச் சொல்லின் கன்னட உறவு. அவர்தம் குடியிருப்பு 'ஹாடி' எனப்படும். பழங்கன்னடப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியதைக் கருதினால், இது தமிழின் 'பாடி'யோடு ஒன்றாகக் கொள்ளத்தக்கது. குடகுப் பக்கம் இன்றும் 'பாடி' என்ற வழக்கே உண்டு. இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. பாடி என்பது மக்கள் தங்கி வாழும் ஊர். வனத்துறைப் பதிவுகளோ அதே இடத்தைக் காட்டினுள் புகுந்த ஆக்கிரமிப்பாகக் காண்கின்றன.

நாகரஹொளே 1955-இல் சரணாலயமாகவும், 1988-இல் தேசியப் பூங்காவாகவும், 1999-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. பூங்காவின் பரப்பு 643 ச.கி.மீ.; மைசூரு, குடகு ஆகிய இரு மாவட்டங்களிலும் விரிந்தது. கபினி நீர்த்தேக்கமே இதனைப் பந்திப்பூரிலிருந்து பிரிக்கும் எல்லை. கோடையில் நீர் வடிந்த படுகையில் முளைக்கும் பசும்புல்லைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. ஊர்களை மூழ்கடித்த அணை உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் இது! சுற்றுலாப் படகில் வருவோர் இதனைத் தொன்மைக் காட்சியாக எண்ணிப் படம் எடுக்கின்றனர்.

பூங்காவினுள் அமையவிருந்த ஒரு தனியார் விடுதியை எதிர்த்துப் பழங்குடியினர் போராட, 1997-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஹாடிகள் காலிசெய்யப்படுவது நிற்கவில்லை. குடும்பங்கள் ஹுணசூரு வட்டத்து நாகாபுரம் போன்ற மறுவாழ்வுக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டன. 2005 டிசம்பர் 13-க்கு முன்பு சட்டப்படியான ஈடு பெறாமல் வெளியேற்றப்பட்டோர்க்கும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் 3ஆம் பிரிவில் உரிமை வழங்குகிறது. அதனை மெய்ப்பிக்க எழுத்துச் சான்று மட்டுமே வேண்டும் என்பதில்லை; கல்லறை, தெய்வ இடம் போன்ற அடையாளங்களையும் அச்சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. கல்லறைகளையும் தெய்வ இடங்களையும் மரங்களையும் சுட்டித் தம் ஊரை அடையாளங்காட்டும் சமூகத்துக்கு இது முக்கியமானது.

2025 மே மாதம் ஜேனு குருபக் குடும்பங்கள் சில, தம் மூதாதையர் வாழ்ந்த கரடிக்கல்லு அத்தூரு கொல்லி ஹாடிக்குத் திரும்பிச் சென்று, அங்கேயே குடிசை போட்டன.