எண்ணாகிய காசு

காசு கைக்குக் கை மாறாது, பேரேட்டில் எழுதும் எண்ணாகவே செல்லும் ஒரு காலம் வரும் என்று முன்கூட்டிச் சொன்னோர் பலர். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் நமக்கு இது முற்றிலும் புதுக்கதையன்று. நம் முன்னோர் நாளிற் படுவான்கரையிலே கூலியும் கோயிற் கடமையும் தொழிலாளர் பங்கும் களத்தில் மரைக்காலால் அளந்த நெல்லாலேயே தீர்ந்தன.

எட்வேட் பெலமி என்னும் அமெரிக்கர் 1888 இல் வெளியிட்ட கதையொன்றில், 2000 ஆம் ஆண்டிற் காசே வழங்காது என்றும், ஒவ்வொருவரிடமும் உள்ள அட்டையிலிருந்து பொருளின் விலை கழிக்கப்படும் என்றும் எழுதினார். கடையில் மாதிரிகள் மட்டுமே இருக்கும். பொருளோ தூரத்துப் பண்டசாலையிலிருந்து வீடு வந்து சேரும். ஆயின் அரசு ஒன்றே வணிகனாய் இருக்கும் என்றும் அவர் எண்ணினார். அது நடவாத காரியம்.

கிளிபோர்ட் ஸ்ரோல் என்னும் வானியலறிஞர் 1995 பெப்ரவரியில் ‘நியூஸ்வீக்’ இதழில் இணைய வணிகத்தை அடியோடு மறுத்தார். பணம் அனுப்ப நம்பத்தக்க வழியில்லை, விற்பவனும் எதிரில் இல்லை என்பது அவர் வாதம். அவ்வாண்டு யூலையிலேயே அமேசன் இணையத்திற் புத்தகம் விற்கத் தொடங்கிற்று! எனினும் அவரை எள்ளி நகையாடுவது முறையன்று. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொழும்பில் எழுதிக் கொடுத்த உண்டியலுக்குத் தமிழகத்திற் பணம் கிடைத்தது எதனால்? எழுதியவரையும் கொடுப்பவரையும் பிணைத்த நம்பிக்கையாலன்றோ? அந்நம்பிக்கையை மனிதர் இயந்திரத்தினிடமும் வைப்பர் என்பதையே ஸ்ரோல் கண்டிலர்.

இவர்களினும் கூர்ந்து நோக்கியவர் டேவிட் சௌம். மின்முறையிற் பணம் செல்லத் தொடங்கினால், யார் எங்கே எதற்குச் செலவிட்டார் என்ற விவரமெல்லாம் பிறர் கையிற் சேர்ந்துவிடும் என அவர் 1985 இலேயே எச்சரித்தார். அதற்கு மாற்றும் அவரே கண்டிருந்தார். காபன் தாளுடன் ஒரு தாளை உறைக்குள் இட்டு, உறையின்மேல் ஒப்பமிட்டால் உள்ளிருக்கும் தாளிலும் ஒப்பம் பதியும். ஒப்பமிட்டவரோ அத்தாளைக் காணார். இவ்வாறே வங்கியும், எந்தக் காசு எவருடையது என்று அறியாமலே அதனை உறுதிப்படுத்தலாம் என்று 1983 இல் அவர் வெளியிட்டார். அம்முறையைக் கொண்டு அவர் நிறுவிய டிஜிகாஷ் 1998 இல் முறிந்தது. கடனட்டையே போதும் என மக்கள் அமைந்துவிட்டனர். அடுத்த ஆண்டு, ஒருவரையொருவர் அறியாமலே கொடுத்து வாங்கும் இணையக் காசு விரைவில் தோன்றும் என்றார் பொருளியலறிஞர் மில்ரன் பிறீட்மன். 2009 இற் பிட்கொயின் வந்தது. அதன் பேரேடோ யாவரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது.

நம் நாட்டில் 2006 இல் இலத்திரனியற் கொடுக்கல்வாங்கலுக்குச் சட்டம் பிறந்தது. 2012 இற் கைத்தொலைபேசிக்குள் பணம் புகுந்தது. அட்டையைக் கண்ட பெலமி இதனைக் கண்டாரில்லை.

களத்தில் அளந்த நெல்லின் கணக்கைப் போடியாரும் அறிவார், பெற்றவரும் அறிவார், அயலில் நின்றவரும் அறிவார். இன்று கணக்கு வைப்பவர் நம்மை அறிவார். நாம் அவரை அறியோம். இவ்வேறுபாட்டை நம் சங்கத்து இளைஞர் எளிதாய்க் கொள்ளலாகாது. சௌம் 1985 இல் எழுப்பிய வினா அவ்வளவு பழையதாயிருந்தும், தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டத்தை நமது பாராளுமன்றம் இயற்றியது 2022 இலேதான்.