மட்டத்துக்கு வந்த மரம்

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் சுமந்து வரும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. அதன் சிற்பங்களைப் பற்றிப் பேச ஆளுண்டு. ஆனால் தேர் நிற்பது சிற்பத்தால் அல்ல; குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பூட்டிய விட்டங்களால். ஒரு விட்டத்தின் முகம் கொஞ்சம் முறுகியிருந்தாலும் துளையில் முளை சரியாக உட்காராது. வடம் பிடித்து இழுக்கும்போது பூட்டு முழுவதும் ஆட்டம் காணும்.

அந்த முகத்தை எடுப்பதுதான் தச்சு வேலையில் முதல் வேலை. அலுப்பான வேலையும் அதுவே. உருண்டை மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாள் இழுப்பார்கள்; கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டும். நூல் போட்டு வாய்ச்சியால் செதுக்கி, மேடு பள்ளத்தை இழைப்புளியால் சீவி, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். பலகையின் இரு முனையிலும் நேரான சட்டம் ஒவ்வொன்றை வைத்து, ஒன்றின் மேல் விளிம்போடு மற்றது பொருந்துகிறதா என்று ஒற்றைக்கண்ணால் நோக்கினால் முறுக்கு தெரிந்துவிடும். வடபத்ரசாயி சன்னதி முன்னுள்ள கோபால விலாசத்தின் தேக்குச் சிற்பங்களுக்கும் இந்தப் பாடெல்லாம் முடிந்த பிறகே உளி வந்திருக்கும்.

இதை எந்திரத்திடம் விடும் யோசனை மேலைநாடுகளிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1791-ல் மரம் இழைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1802-ல் ஜோசப் பிராமா தன் பங்குக்கு ஒன்று. அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் 1828-ல் பெற்ற காப்புரிமை, சுழலும் கத்தியையும் பலகையை அழுத்திப் பிடிக்கும் உருளைகளையும் ஒன்று சேர்த்தது. அது பலமுறை நீட்டிக்கப்பட்டு 1856 வரை நீடித்ததால் மரப்பட்டறைக்காரர்கள் நொந்து போனார்கள்.

தொடக்கத்தில் கத்தி பூட்டிய தலை சதுரமாக இருந்தது. மரத்தைக் கையால் தள்ளுகிறவரின் விரல் அதற்கும் மேசைக்கும் இடையிலுள்ள அகன்ற சந்தில் மாட்டிக்கொள்ளும். பிரிட்டன் 1922-ல் கொண்டுவந்த விதிகள், கையால் தள்ளும் இழைப்பு மிஷின்களுக்கு உருளைத் தலையைக் கட்டாயமாக்கின. எத்தனை விரல்கள் போன பிறகு என்று கேட்காமல் இருப்பது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த ராஜபாளையம் பக்கம் நிலைமை மாற ரயிலும் மின்சாரமும் வரவேண்டியிருந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் கடந்த பாதை 1904-லேயே ஓடத் தொடங்கியது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-ல் பாதை திறந்தது. மேற்கே மலை, கிழக்கே சமவெளி என்றிருந்த ஊர்களுக்கு மரம் கொண்டுவர அது புது வழி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது. நூற்பாலைக்கு வந்த மின்சாரம்தான் பின்னால் மரப்பட்டறை மோட்டாரையும் சுழற்றியது.

பட்டறையில் வேலை வரிசை மாறவில்லை, கைதான் மாறியது. சர்ஃபேஸ் பிளானரில் முதலில் ஒரு முகம். அதை நிமிர்ந்த தடுப்பில் அணைத்துத் தள்ளினால் அடுத்த விளிம்பு செங்கோணமாகும். பிறகே கனத்தைச் சீராக்கும் திக்னஸ் பிளானர். அவசரப்பட்டு முதலிலேயே அதில் விட்டால் உருளைகள் முறுக்கை அமுக்கிப் பிடிக்கும். வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுகிக்கொள்ளும். கனம் மட்டும் சரியாக இருக்கும், கதவு நிலையோடு சேராது.

பக்கத்து மலை மரம் இன்று இந்தக் கணக்கிலேயே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அறிவிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் தமிழக வனப்பகுதிகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. 2021-ல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. பர்மா தேக்கும் கிடைப்பதரிது. மியான்மர் 2014 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவது பெரும்பாலும் பிற கண்டங்களில் நட்டு வளர்த்த தேக்கு. இளமரமாக இருந்தால் ஈரமும் இறுக்கமும் உள்ளே அதிகம்; ஒரு பக்கம் சீவியதும் மறுபக்கம் இழுக்கும். அதனால் நிதானமான பட்டறைகளில் முதலில் கொஞ்சம் கனம் விட்டு இழைத்து, காற்றோட்டமாக அடுக்கி ஆறப்போட்டு, பிறகே கடைசி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.