கோலார்ப் பொன்னும் மைசூர் அரசும்

பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் லாவெல் சாலை வழியே அடிக்கடி சென்று வருகின்றனர். அப்பெயருக்கு உரியவர் யாரென எண்ணிப் பார்ப்போர் சிலரே. மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு நமது கண்டோன்மென்டில் வந்து குடியேறியவர். கோலாரில் பொன் கிடைப்பது பற்றி லெப்டினன்ட் வாரன் என்பார் முன்னரே எழுதிய குறிப்பைப் படித்து, 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்கம் அகழ உரிமம் பெற்றார். ஆனால் தோண்டுவதற்கு வேண்டிய முதல் அவரிடம் இல்லை. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்னரே பொன் பெருகிற்று.

சிறியதொரு சமஸ்தானத்துக்கு இது பெரும் வரவாயிற்று. ஆங்கில அரசுக்கு மைசூர் ஆண்டுதோறும் செலுத்திய கப்பம் 1896 முதல் 35 லட்சம் ரூபாய். அச்சுமையைத் தாங்கப் பொன்னின் ராயல்டி துணை நின்றது. எனினும் பொன்னில் பெரும்பங்கும் பங்குதாரர்களின் லாபமும் கடல் கடந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திர மின்நிலையத்திலிருந்து 1902-இல் மின்சாரம் 92 மைல் கடந்து சுரங்கங்களுக்குச் சென்றது. பெங்களூர் வீதிகளில் விளக்கெரிந்தது 1905-இல்தான். பொன்னுக்கு முதற்பந்தி, தலைநகருக்கு அடுத்த பந்தி!

இனி, அப்பொன்னை எடுத்தோர் யார்? வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் மக்களே மிகப் பலர். அவர்களுள்ளும் நிலமற்ற ஆதிதிராவிட மக்களே மிகுதி. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சுரங்கம் சென்றது. அங்கே பாறையே கையைச் சுடும். திடீரென வெடித்துச் சிதறவும் செய்யும். தப்பியவரையும் கல்தூசி நுரையீரலில் படிந்து வருத்திற்று. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி குறைவாயினும் மானம் குறைய அவர்கள் ஒப்பவில்லை.

ஒரு பொருளையே நம்பும் நாட்டின் நிலை என்னவாகும் என்பதற்கு இலங்கை சான்று. அங்கே 1869-இல் இலைநோய் தோன்றிக் காப்பித் தோட்டங்களை அழித்தது. பின்னர் காப்பி இருந்த இடத்தில் தேயிலை அமர்ந்தது. பயிர் மாறிற்று, ஏற்றுமதி ஒன்றையே சார்ந்திருக்கும் நிலை மாறவில்லை. மைசூரோ விழிப்புற்றது. விசுவேசுவரையா திவானாக விளங்கிய 1912 முதல் 1918 வரையிலான காலத்தில் வங்கியும் சந்தனத் தைலமும் சவர்க்காரமும் தோன்றின. 1923-இல் பத்ராவதி இரும்பாலை இயங்கலாயிற்று. 1940-இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை எழுந்தது. பொன் ஒரு நாள் தீரும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர் போலும்.

ஆயின் அவ்விழிப்பு கோலார் வயலை எட்டவில்லை.  ஆழம் கூடக் கூடச் செலவு ஏறிற்று. மண்ணில் பொன்னின் அளவோ குறைந்தது. பொன்னின் பன்னாட்டு விலையும் அவுன்சுக்கு 35 டாலர் என்று 1971 வரை கட்டுண்டு கிடந்தது. 1956-இல் மாநில அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28-இல் அவை மூடப்பட்டன.

இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில், அத்தொழிலாளரின் மக்களும் பேரரும் நம் நகருக்கு வேலை தேடி வருகின்றனர். இரவில் அவர்கள் திரும்பும் வழியில், பொன் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் நிற்கின்றன.