தப்பிய தாளம்

இரவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. சீராகப் போய்க்கொண்டிருக்கும் இருதயம் திடீரென்று ஓர் அடியை விழுங்கிவிடும். ஒரு கணம் மௌனம். பிறகு 'தொம்' என்று பலமாக ஓர் அடி. வேடிக்கை என்று இப்பொழுது சொல்கிறேன். முதன்முறை நிகழ்ந்த இரவில் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எழுதி முடிக்காத நாவலைப் பற்றியும் கட்டி முடிக்காத கடனைப் பற்றியும் விடியும்வரை சிந்தித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்ப வைத்தியர் வயதில் பெரியவர். சோதனைகள் எல்லாம் செய்தார். ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றை மார்பில் கட்டி அனுப்பினார். மறுநாள் பதிவைப் பார்த்துவிட்டு, "இருதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை. அவ்வப்போது ஓர் அடி அவசரப்பட்டு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. காபியைக் குறையுங்கள், நேரத்தில் தூங்குங்கள்" என்றார்.

"மருந்து?"

"வேண்டாம்."

"அந்த அடிகளை நிறுத்த மருந்தே கிடையாதா?"

"இருக்கிறது, ஸார். நிறுத்தித்தான் ஒரு தடவை கெட்டுப்போயிற்று" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கதை எழுதுகிறவனிடம் இப்படிப் பாதியில் நிறுத்தினால் அவன் சும்மா இருப்பானா? தேடிப் பிடித்துப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இருதயத்தின் மேல் அறை ஒன்றில் இருக்கும் ஒரு சிறு முடிச்சுதான் தாளம் போடுகிறது. கீழ் அறைகள் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டுச் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகின்றன. சில சமயம் கீழ் அறையின் தசையில் எங்கோ ஒரு மூலை, கட்டளை வருமுன் தானே முந்திக்கொண்டு துடித்துவிடும். அறை நிரம்புவதற்குள் விழுந்த அடியானதால் நாடியில் அது சரியாகத் தெரியாது. அதற்குப் பின் சற்று இடைவெளி; நன்றாக நிரம்பிய அறை அடுத்த அடியைப் பலமாக அடிக்கும். நான் கேட்ட 'தொம்' அதுதான். ஆரோக்கியமான மனிதர்களிடமும் இது சர்வ சாதாரணம்.

இந்த அடிகளை நாள் முழுவதும் எண்ணிப் பார்க்க வழிசெய்தவர் அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற விஞ்ஞானி. 1947-இல் அவர் செய்த முதல் கருவியின் எடை 85 ராத்தல், அதாவது சுமார் 38 கிலோ. அதை முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். பின்னர் அது சுருங்கிச் சுருங்கி, கையடக்கமாகி, என்னைப் போன்றவர்களின் மார்புக்கு வந்து சேர்ந்தது.

எண்ணத் தொடங்கியதும் ஒன்று தெரியவந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், இந்த முந்தும் அடிகள் அதிகம் உள்ளவர்கள் பின்னால் திடீரென்று இறந்துபோவது அதிகமாக இருந்தது. இருதயம் ஒரேயடியாகத் தாளம் கெட்டு நின்றுவிடும். வைத்தியர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முந்தும் அடிதான் பெரிய விபத்தைத் தொடங்கி வைக்கிறது, அதை அடக்கிவிட்டால் ஆள் பிழைப்பான்.

எவ்வளவு பொருத்தமான கதை! காரணம் இருக்கிறது, காரியம் இருக்கிறது, வில்லன் இருக்கிறான். நானே எழுதியிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைத்திருக்க மாட்டேன்.

வில்லனை அடக்க நல்ல மருந்துகளும் வந்தன. அமெரிக்காவில் 1985-இல் ஃபிளெக்கனைடுக்கும், 1986-இல் என்கனைடுக்கும் அனுமதி கிடைத்தது. மாத்திரையைக் கொடுத்துப் பெட்டியைக் கட்டிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான முந்தும் அடிகள் மாயமாய் மறைந்திருந்தன. பதிவுத்தாள் பார்க்க அழகாக இருந்தது. வைத்தியருக்குத் திருப்தி, நோயாளிக்கு நிம்மதி.

ஆனால் ஆள் பிழைக்கிறானா? அந்தக் கேள்வியை யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்? அமெரிக்க அரசின் தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆய்வுக் கழகம் கேட்டது. 'காஸ்ட்' என்று சுருக்கப் பெயர் பெற்ற சோதனை 1987-இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. மாரடைப்பு வந்து, மணிக்கு ஆறு அல்லது அதற்கு மேல் முந்தும் அடிகள் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் மருந்து கொடுத்து, அடிகள் நன்றாக அடங்குகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு, சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் அவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும், மறு பாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள்.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. உயிர் காக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுப்பது தர்மமா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல; நோயாளியிடம் கருணை உள்ளவர்கள். சோதனையைத் திட்டமிட்டவர்களே, மருந்து நன்மை செய்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் முதலில் கணக்குப் போட்டார்கள். தீமை செய்தாலும் தெரியும்படி கணக்கை அமைக்கச் சொன்னது கண்காணிப்புக் குழு.

1989 ஏப்ரலில் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. முழுக் கணக்கு 1991-இல் வெளியாயிற்று. சராசரியாகப் பத்து மாதத்துக்குள், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஒரு பக்கம் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். மறுபக்கம் சுமார் இருபத்தெட்டுப் பேருக்கு ஒருவர். எந்தப் பாதி பாக்கியம் இல்லாதது என்று இரங்கினார்களோ, அந்தப் பாதிதான் பிழைத்தது.

மோரிசிசைன் என்ற மூன்றாவது மருந்தை விடாமல் தொடர்ந்தார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே, மருந்து பெற்ற 665 பேரில் 17 பேர் இறந்தார்கள் அல்லது இருதயம் நின்று விழுந்தார்கள். பெறாத 660 பேரில் அப்படியானவர்கள் 3 பேர். 1991-இல் அதையும் நிறுத்தினார்கள். என்கனைடு அந்த ஆண்டே கடைகளிலிருந்து மறைந்தது.

ஏன் இப்படி? நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். மாரடைப்பால் தழும்பேறிய தசைதான் நெருப்பு. முந்தும் அடி அதன் புகை. புகையை விரட்ட விசிறியை எடுத்தார்கள். புகை விலகியது, காற்று நெருப்புக்கும் போய்ச் சேர்ந்தது. இம்மருந்துகள் இருதயத்தில் மின்சாரம் பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. தழும்புள்ள இருதயத்தில், அதிலும் இரத்தம் போதாத வேளையில், அந்தத் தாமதமே மின்சாரத்தைச் சுழலில் மாட்டிவிட்டுத் தாளத்தை அடியோடு குலைக்கிறது என்பது வைத்தியர்களின் விளக்கம். தழும்பில்லாத இருதயத்துக்கு, வேறு தாளக் கோளாறுகளுக்காக, ஃபிளெக்கனைடு இன்றும் பயன்படுகிறது. மருந்தின் மீது குற்றமில்லை. இடமறியாமல் கொடுத்ததில்தான் குற்றம்.

என்னை உலுக்கியது எண்கள் அல்ல. அந்தச் சோதனை நடக்காதிருந்தால், இந்த மரணங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்கமாட்டா. பதிவுத்தாளில் அழகான கோடுகளோடு வீடு திரும்பிய ஒருவர் ஒரு நாள் திடீரென்று விழுந்து இறந்தால், வைத்தியர் என்ன நினைப்பார்? "மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே, நோய் அவ்வளவு முற்றியிருந்தது" என்றுதான் வருந்துவார். தாமே கொடுத்த மாத்திரை என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெறும் மாத்திரை சாப்பிட்ட மறுபாதி இருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

கதைக்குப் பொருத்தம் போதும். அதை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். உயிருக்கு அது போதாது. எல்லோரும் ஒப்புக்கொண்ட கதையைக்கூட எண்ணிப் பார்த்துத்தான் நம்புவோம் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்களே, அவர்களை நினைத்தால் எனக்குக் கை குவிகிறது.

முந்தும் அடிகள் மிக அதிகமாகி இருதயத்தைத் தளரவைத்தால், அதற்கு வேறு சிகிச்சைகள் உண்டு. அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய காரியம். எனக்கு அவர் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியதை, அலட்சியம் என்று அன்று நினைத்து மனத்தாங்கலோடு படியிறங்கினேன். அந்த 'வேண்டாம்' எத்தனை பேர் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

இப்பொழுதும் சில இரவுகளில் தாளம் தப்புகிறது. எழுந்து விளக்கைப் போடுவதில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். காபியைத்தான் இன்னும் குறைக்க முடியவில்லை.