கல்லூரிப் பதிவு நாளும் பிடிபிடிஎன் கடனும்: கையில் எவ்வளவு வேண்டும்?

உயர்கல்விக்கூடத்தில் இடம் கிடைத்ததும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல குடும்பங்கள் நம்புவது பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனை. 1997இல் தொடங்கப்பட்ட இக்கழகம் ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தில் கடன் தருகிறது.

ஆனால் பதிவு நாளன்று அந்தப் பணம் கைக்கு வராது. விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே வரும். பதிவுக் கட்டணமும் வாடகை முன்பணமும் அதற்கு முன்பே கட்ட வேண்டியவை. இந்த இடைவெளியில்தான் சில வீடுகளில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. சிலர் ஆலோங்கிடம் சிக்குகிறார்கள்.

அதைத் தவிர்க்கும் வழிகள்:

முன்பணம்: எஸ்டிஆர் உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் பொதுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், கடனின் ஒரு பகுதியை 1,500 ரிங்கிட் வரை முன்கூட்டியே பெற விண்ணப்பிக்கலாம்.

எஸ்எஸ்பிஎன் கணக்கு: கடனுக்கு விண்ணப்பிக்க இது அவசியம். கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம்.

இபிஎஃப்: பெற்றோர் தங்கள் இரண்டாம் கணக்கிலிருந்து (2024 மே முதல் செஜாத்ரா கணக்கு) பிள்ளையின் கல்விக்குப் பணம் எடுக்கலாம்.

கூட்டுறவு: துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்குகிறது. தாத்தா பாட்டி வாங்கிய பங்கு வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

போக்குவரத்து: கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டர் ரயில் நேரடியாகச் செல்கிறது. அந்தத் தடத்தில் கல்லூரி இருந்தால் அறை வாடகை மிச்சம்.

ஒன்று நினைவிருக்கட்டும்: பிடிபிடிஎன் உபகாரச் சம்பளம் அல்ல. படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்ட வேண்டிய, பிள்ளையின் பெயரிலுள்ள கடன்.