ஞானத்தின் பயனாகிய அன்பு: சைவ சித்தாந்த வரலாற்றில் பத்தியும் ஞானமும்

வீடுபேற்றிற்கு வாயிலாவது பத்தியா ஞானமா என்னும் வினா, இந்திய மெய்ப்பொருளியலில் மிகப் பழையதொன்று. பகவத் கீதையின் பன்னிரண்டாம் இயல் இவ்வினாவோடேயே தொடங்குகின்றது. உருவுடைய இறைவனை வழிபடுவோரும், உருவிறந்த பொருளை நாடுவோருமாகிய இருதிறத்தாருள் மேம்பட்டவர் யாவர் என அருச்சுனன் வினவுகின்றான். பின்வந்த ஆசிரியர்கள் இதற்கு வெவ்வேறு விடை கூறினர். வினையும் வழிபாடும் உள்ளத்தைத் தூய்மை செய்வன. வீடளிப்பது ஞானம் ஒன்றே என்றார் சங்கரர். உபநிடதங்கள் கூறும் அறிவு, இடையறாத தியானமாய் முதிர்ந்து பத்தியாகும். அதுவே வீட்டுநெறி என்றார் இராமாநுசர். ஒருவர் பத்தியை ஞானத்திற்குப் படியாக்கினார். மற்றொருவர் ஞானத்தைப் பத்தியாக விரித்தார். தமிழ்நாட்டுச் சைவம் இவ்வினாவிற்கு அளித்த விடை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய வரலாறு எழுதுவோர் சைவ நூல்களைப் பெரும்பாலும் இரு கூறாக்குவர். பன்னிரு திருமுறைகள் பத்தி நூல்கள் என்றும், மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கும் ஞான நூல்கள் என்றும் வகுப்பர். இப்பகுப்புக் கற்பிப்பதற்கு எளிது. ஆயின், உணர்ச்சி முற்பட்டு அறிவு பிற்பட்டது என்றும், பாடலின் காலம் கழிந்த பின்னரே தத்துவத்தின் காலம் தோன்றியது என்றும் ஒரு கருத்தை இது மாணவர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. நூல்களின் உட்சான்று இதற்கு இடந்தருகின்றதா என்பதை ஈண்டு நோக்குவோம்.

நால்வகை நெறி

சைவாகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களாக வகுக்கப்பட்டுள்ளன. திருமந்திரம் தன் ஐந்தாம் தந்திரத்தில் இந்நான்கனையும் தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்பவற்றோடு இயைத்துக் கூறுகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தின் எட்டாம் நூற்பாவில் இவற்றை விரித்து, அவற்றின் பயன்களாகிய சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்பனவற்றையும் முறைப்படுத்தினார். முன்னைய மூன்றும் பதமுத்தி தருவன. முடிந்த முத்தி ஞானத்தாலேயே வாய்ப்பது என்பது அவர்தம் துணிபு.

இதனை மட்டும் நோக்குவார், பத்தி கீழ்ப்படி, ஞானம் மேற்படி எனக் கொள்வது இயல்பே. இக்கருத்திற்கு வலுவூட்டுவது போல, சமய குரவர் நால்வரையும் இந்நான்கு நெறிக்கு உரியராக்கும் மரபும் எழுந்தது. திருநாவுக்கரசர் சரியைக்கும், திருஞானசம்பந்தர் கிரியைக்கும், சுந்தரர் யோகத்திற்கும், மாணிக்கவாசகர் ஞானத்திற்கும் எடுத்துக்காட்டாயினர்.

ஆனால் இம்மரபை உற்று நோக்கின், அதனுள்ளேயே ஒரு முரண் புலனாகும். உமையம்மை ஞானப்பால் ஊட்ட உண்டு, அதனாலேயே ஞானசம்பந்தர் எனப் பெயர் பெற்ற பிள்ளையார், ஞான நெறிக்கு உரியராக்கப்படவில்லை. ஞான நெறிக்கு உரியராகக் கூறப்பட்ட மாணிக்கவாசகரோ, உள்ளத்தை உருக்கும் பாடலுக்கே பெயர் பெற்றவர். ஞானம் எனப்படுவது உணர்ச்சியற்ற வறண்ட அறிவாயின், திருவாசகம் அதற்கு இலக்கியமாதல் எங்ஙனம்? இம்மரபை வகுத்த முன்னோர் ஞானம் என்னும் சொல்லால் குறித்தது யாது என்பதே நாம் ஆராயவேண்டுவது.

சேக்கிழார் கண்ட அறிவு

இவ்வினாவிற்கு ஒரு விடை, சாத்திரங்கட்கு முற்பட்ட பெரியபுராணத்திலேயே கிடைக்கின்றது. அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்தில் சேக்கிழார் இக்காப்பியத்தை இயற்றினார். இதன்கண் வரும் கண்ணப்பர் வரலாறு, இருநெறியையும் நேர்நிறுத்தி நோக்குவதற்கென்றே அமைந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது. ஒருபுறம் ஆகம விதி வழுவாத சிவகோசரியார். மறுபுறம் எழுத்தும் விதியும் அறியாத வேடராகிய திண்ணனார். ஊனும், வாயில் கொணர்ந்த நீரும் படைத்த வேடரின் செயல் கண்டு வருந்திய முனிவர்க்கு இறைவன் கனவில் தோன்றுகின்றான். அவ்வேடரின் உருவம் முழுதும் தன்மாட்டு வைத்த அன்பே என்றும், அவர்தம் அறிவு முழுதும் தன்னை அறியும் அறிவே என்றும் உணர்த்துகின்றான்.

இவற்றுள் இரண்டாவது கூற்றை ஆராய்ச்சியாளர் போதிய அளவு கருதினாரல்லர். கண்ணப்பரை அன்பின் வடிவம் என்று மட்டும் கூறியிருப்பின், கல்லாதானொருவனின் களங்கமற்ற பத்தி என அதனைக் கொண்டு அமைதல் கூடும். சேக்கிழாரோ அவ்வேடரிடத்து அறிவையும் காண்கின்றார். அதனையும் இறையறிவு என்றே கூறுகின்றார். ஞானம் என்பது ஓதிப் பெறும் கல்வி அன்று என்பது இதனால் பெறப்படும். மெய்கண்டார்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, அன்பும் அறிவும் ஒருவரிடத்து ஒரே நிலையாய் அமைதல் கூடும் என்னும் கருத்து, கதை வடிவில் நிலைபெற்றுவிட்டது.

சாத்திரங்களுள் மிக முற்பட்டவையாகிய திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் 12ஆம் நூற்றாண்டினவாகக் கொள்ளப்படுவன. திருக்களிற்றுப்படியார் சிவதன்மத்தை மெல்வினை, வல்வினை என இருவகைப்படுத்தி, வல்வினைக்குச் சண்டேசர், சிறுத்தொண்டர் முதலியோர் செயல்களைச் சான்று காட்டுகின்றது. சாத்திரம் பிறக்கும்பொழுதே அடியார் வரலாற்றைத் தன் சான்றாகக் கொண்டு பிறந்தது என்பது இதனால் தெளிவாகும்.

சிவஞானபோதத்தின் வைப்புமுறை

இனி, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை நோக்குவோம். பன்னிரண்டு நூற்பாக்களையுடைய இந்நூலை உரைமரபு பிரமாணவியல், இலக்கணவியல், சாதனவியல், பயனியல் என மும்மூன்று நூற்பாக்கள் கொண்ட நான்கு இயல்களாகப் பகுக்கும். பத்தி ஞானத்திற்குக் கருவி மட்டுமேயாயின், அது சாதனவியலில் கூறப்பட்டு அங்கேயே முடிந்திருத்தல் வேண்டும். நூலின் அமைப்பு அவ்வாறில்லை.

சாதனவியலைச் சார்ந்த ஒன்பதாம் நூற்பா, பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் அறியப்படாத இறைவனைப் பதிஞானத்தால் நாடுமாறு கூறுகின்றது. பதினொன்றாம் நூற்பா, கண்ணுக்கு உயிர் காட்டிக் காணுமாறு போல உயிர்க்கு இறைவன் காட்டிக் காண்கின்றான் என்று உவமை கூறி, தளராத அன்பினால் உயிர் அவன் திருவடியைச் சேரும் என முடிக்கின்றது. இறுதியாகிய பன்னிரண்டாம் நூற்பா, மலம் நீங்கிய ஞானி செய்வது யாது என்பதை உரைக்கின்றது. அவன் அடியார்களோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுவான் என்பது அதன் கருத்து.

ஞானநூல் ஒன்று கோயில் வழிபாட்டில் முடிவது வியப்பிற்குரியது. இங்கு வழிபாடு ஞானம் பெறுதற்கு முன் ஏறிக் கழிக்கும் படியாக வைக்கப்படவில்லை. ஞானம் கைவந்த பின்னரும் ஞானியிடத்து நிகழ்வதாக வைக்கப்பட்டுள்ளது. இயற்பகுப்பு உரையாசிரியர் செய்தது எனினும், நூற்பாக்களின் முறைவைப்பு ஆசிரியருடையதேயாம். இறைவன் யாண்டும் நிறைந்தவனாயின், வேடமும் கோயிலும் சிறந்தமை எதனால் என்னும் தடைக்கு மெய்கண்டார் கூறும் விடையும் கருதத்தக்கது. அன்புடையாரிடத்து அவன் தயிரில் நெய்போல விளங்கித் தோன்றுவான். பாசமுடையார்க்கு அவ்வாறு விளங்கான் என்கின்றார். அறிவு முதிர்ந்தவன் அடியார் கூட்டத்தை விட்டுத் தனித்தொதுங்குவதை அவர் வீடாகக் கருதவில்லை.

தடையும் விடையும்

முடிந்த முத்தி ஞானத்தாலேயே எனச் சித்தியார் வற்புறுத்துதல் இதனோடு மாறுபடாதோ எனின், மாறுபடாது என்க. ஈண்டு இரு சொற்களின் பொருளைப் பிரித்தறிதல் வேண்டும். பத்தி என்னும் சொல் கோயிலை அலகிடுதல், மாலை தொடுத்தல், பூசனை புரிதல் முதலிய செயலையும் குறிக்கும். அச்செயலுக்கு உயிராகிய அன்பையும் குறிக்கும். செயலே சரியை, கிரியைகளாகப் படிநிலையில் வைக்கப்பட்டது. அன்போ நான்கு படிகளிலும் ஊடுருவி, முடிவிலும் எஞ்சி நிற்பது.

அவ்வாறே ஞானமும் இருபொருள் தரும். கற்றறிந்த அறிவு ஒன்று. அருளால் விளங்கும் பதிஞானம் மற்றொன்று. இவ்வேறுபாட்டை அருணந்தியாரின் வரலாறே விளக்குகின்றது. ஆகமம் அனைத்தும் வல்ல சகலாகம பண்டிதராகிய அவர், தம்மினும் மிக இளையவராகிய மெய்கண்டாரை அடைந்து மாணவரானார் என மரபு கூறும். கல்வி நிறைந்தும் ஞானம் வேண்டப்பட்டது என்பதே அவ்வரலாற்றின் பொருள். அருளால் வரும் ஞானத்தைப் பெற்ற உயிர், அருளியவனிடத்து அன்பு செய்யாதிருத்தல் கூடாது. ஆதலின், செயலாகிய பத்தி ஞானத்திற்கு முற்பட்டதாயினும், அன்பாகிய பத்தி ஞானத்தின் பயனாகின்றது.

உமாபதி சிவம் செய்த இணைப்பு

இவ்விரண்டனையும் வெளிப்படையாக இணைத்தவர் உமாபதி சிவாசாரியார். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235, அஃதாவது கி.பி. 1313 எனத் தன் காலத்தைத் தானே குறிக்கின்றது. அவருடைய திருவருட்பயன் பத்து அதிகாரங்களால் இயன்றது. அதன் இறுதி அதிகாரம் அணைந்தோர் தன்மையாகும். இவ்வதிகாரத் தலைப்புகளின்கீழ்த் தேவாரப் பாடல்களை வகைப்படுத்திய தேவார அருள்முறைத் திரட்டு என்னும் தொகுப்பும் அவர் செய்ததாகவே வழங்குகின்றது. சாத்திரத்தின் ஒவ்வொரு கோட்பாட்டிற்கும் தோத்திரத்தில் சான்று உண்டு என்பது இத்தொகுப்பின் உட்கிடை. பத்தியின் காலம் முடிந்து ஞானத்தின் காலம் பிறந்தது என்னும் கருத்து, சாத்திர ஆசிரியர் மரபிற்கு உடன்பாடன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அங்ஙனமாயின், சாத்திரங்கள் 12, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தமைக்குக் காரணம் யாது? சித்தியாரின் பரபக்கம் உலகாயதர், பௌத்தர், சமணர், மாயாவாதி முதலியோர் கொள்கைகளை முறையாக எடுத்து மறுக்கின்றது. பிறரோடு வாதிடுங்கால் பாடல் மட்டும் அமையாது. அளவையும் முறைவைப்பும் வேண்டும். வாதமேடையின் மொழி சாத்திரமாயிற்று. கோயிலின் மொழி திருமுறையாகவே நின்றது. மாறியது மொழியேயன்றிப் பொருளன்று.

இவ்வாராய்ச்சி சொற்பொருள் பற்றியது மட்டுமன்று. ஞானம் கற்றார்க்கே உரியதாயின், கண்ணப்பரும் திருநாளைப்போவாரும் கீழ்ப்படியில் நின்றுவிட்டவராவர். பெரியபுராணம் எளியோர்க்கு ஆறுதலாகக் கூறிய கதைத்தொகுதி என்ற அளவில் சுருங்கும். மடத்திற்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்கு உமாபதியார் தீக்கை செய்து வீடருளினார் என்னும் மரபு வரலாற்றிற்கும் பொருளில்லாது போம். நூல்களின் உட்சான்று அதற்கு மாறாக உள்ளது. வேடரிடத்து இறையறிவைக் கண்ட சேக்கிழாரும், ஞானியை அடியார் கூட்டத்தில் தொழுது நிற்கக் கண்ட மெய்கண்டாரும் ஒரே உண்மையை இரு முனைகளிலிருந்து நோக்கியவராவர். திருமுறையையும் சாத்திரத்தையும் தனித்தனியே பயில்வதினும், சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவோடு கண்ணப்பர் புராணத்தை ஒருங்கு வைத்துப் பயிலுதல், சைவம் கண்ட விடையைத் தெளிதற்கு ஏற்ற வழியாகும்.