பெரிபெரி நோயும் புழுங்கல் அரிசியும்

பெரிபெரி: தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய். கால் மரத்துப்போதல், தசை வலுவிழத்தல், உடல் வீக்கம், இதயத் தளர்ச்சி ஆகியவை இதன் குறிகள். பெயர் ‘முடியாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர்; இதை ஏற்காதவர்களும் உண்டு. பழைய சீன மருத்துவ நூல்கள் சொல்லும் கால்நோய் இதுதானா என்பதும் முற்றாகத் தெளிவாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் அரிசியைத் தவிடு நீங்கத் தீட்டி அனுப்பத் தொடங்கியபின், ஆசியாவின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் நோய் பெருகியது.

வைட்டமின் கண்டுபிடிப்பை ஆய்வகத்தின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். ஆனால் பெரிபெரியைப் பொறுத்தவரை, ஒரே வட்டாரத்தில் வெவ்வேறு அரிசி உண்டவர்களை ஒப்பிட்டதே காரணத்தை உறுதிசெய்தது எனலாம். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான் வளர்த்த கோழிகள் 1889இல் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. படை மருத்துவமனையின் மீந்த வெள்ளைச் சோறு அவற்றுக்குத் தீனியாகப் போயிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்குரிய சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார், நோயும் நின்றது. எனினும் எய்க்மான் மாவுப்பொருளில் நஞ்சு இருப்பதாகவும், தவிட்டுத் தோல் அதை முறிப்பதாகவும் கருதினார். குறைவது ஒரு சத்து என்று 1901இல் விளக்கியவர் கெரிட் கிரைன்ஸ். ஜாவாவின் சிறைகளில் மருத்துவர் போர்டர்மான் எடுத்த கணக்கில், தீட்டிய அரிசி தந்த இடங்களில் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி தந்த இடங்களில் 10,000 பேருக்கு ஒருவரும் நோயுற்றிருந்தனர்.

மலாயாவில் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாயிற்று. சயாம் (இன்றைய தாய்லாந்து) வெள்ளையரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டபோது, இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. வீட்டில் நெல் குத்திய மலாய்க்காரரையும் அப்படியே. இதைக் கவனித்த மருத்துவர் பிராடன், பழைய அரிசியில் சேரும் நஞ்சே காரணம் என்றார். இனமோ, வாழிடமோ, வேலையோ காரணமாகலாமே என்ற மறுப்பும் நியாயமானதே. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905இல் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் தொடங்கிய சோதனை அதற்கு விடை தந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 36 பேர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய். அவர்களும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். இடையில் இரு பிரிவினரும் கட்டடம் மாற்றிக்கொண்டபோதும் முடிவு மாறவில்லை. நஞ்சா, குறைபாடா என்ற கேள்வியை ஆய்வாளர்களான பிரேசரும் ஸ்டாண்டனும் தீட்டலில் கழியும் தவிட்டின் பக்கம் திருப்பினர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்பு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நோயை அறிந்தா நம் முன்னோர் நெல் அவித்தனர் என்றால், அதற்குச் சான்றில்லை. உமி எளிதில் நீங்குவதும் அரிசி நொறுங்காததும் போதிய காரணங்கள். அதனால் அந்த வழக்கத்தின் பயன் குறைந்துவிடாது. கடலோர ஆந்திரத்தின் வட பகுதியில் பச்சரிசி உண்டவர்களிடம் பெரிபெரி நெடுநாள் இருந்தது; புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிது.

ஜப்பானியக் கடற்படையில் 1884இல் மருத்துவர் தகாகி உணவை மாற்றி நோயை ஒடுக்கினார். ஆனால் புரதக் குறைவையே காரணமாகக் கருதினார். 1912இல் வேதியியலாளர் பங்க் ‘வைட்டமின்’ என்ற பெயரை உருவாக்கினார். 1918இல் மருத்துவர் மக்காரிசன் குன்னூரில் ஒற்றை அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். இன்றைய ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுவே. 1926இல் தவிட்டிலிருந்து தயமின் பிரிக்கப்பட்டது. 1936இல் வேதியியலாளர் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாக ஆக்கினார். 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் எய்க்மானுக்குப் பங்கு கிடைத்தது, கிரைன்ஸுக்கு இல்லை. அண்மைக்காலத்தில் இந்நோய் மிகுதியாக மது அருந்துவோரிடமும், தென்கிழக்காசியாவில் தயமின் குறைந்த தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளிடமும் காணப்படுகிறது.